கோளி மரங்கள்: ஆலும் அரசும் அத்தியும்

அரிதிற் காணப்படுவதொன்றனை "அத்தி பூத்தாற்போல" என்பர் உலகத்தார். "அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்பதும் அவர் வழங்கும் மொழியே. இவ்விரு பழமொழியும் தம்முள் இயைபில்லாதன போலத் தோன்றினும், நுணுகி நோக்குவார்க்கு ஓருண்மையின் இருபுறங்களாகவே விளங்கும். பூ ஏன் காணப்படவில்லை யென்பதும், புழு ஏன் காணப்படுகின்ற தென்பதும் ஒரே வினாவாம். அவ்வினாவிற்கு இயற்கை நூலார் கண்ட விடையையும், அவ்விடையை யுடன்வைத்து நோக்குங்கால் நம் சித்தாந்த நூற்பொருள் சில எங்ஙனம் தெளிவெய்துகின்றன வென்பதையும், இறுதியில் திருக்கோயிற் பணியாளர்க்கு இன்று பெரிதும் இடர்விளைக்கும் ஐயமொன்றையும் ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நான்கும் ஓரினத்தன, பாலுடையன. வேள்விச் சமித்துக்கும், யாகசாலைத் தோரணத்துக்கும் ஆகமநூல் வல்லார் இவற்றைக் கொள்வர். பூவாது காய்க்கும் மரத்தைத் தமிழ் நிகண்டுகள் "கோளி" என்று பெயரிட்டழைத்தன. வடநூலாரும் பூத்துக் காய்ப்பதனை விருக்கமென்றும், பூவாது காய்ப்பதனை வனற்பதி யென்றும் பகுத்தனர். மனுநூல் முதலத்தியாயத்தில் இப்பகுப்பு உளது. இதுகொண்டு, பண்டையோர் மரநூல் அறியாதவர் என்று இக்காலத்தார் சிலர் நகையாடுவர். நகையாட்டு வேண்டியதில்லை. பூவாமையாவது புறத்தே பூவாமை. கண்ணாற் கண்டதைக் கண்டவாறே பெயரிட்டனர் பண்டையோர். அகத்தே பூக்கும் என்பது பிளந்து நோக்கினார்க்கன்றிப் புலப்படாது.

நாம் அத்திக்காய் என்று கூறுவது உண்மையிற் காயன்று. அது பூங்கொத்தைப் பையாக மடித்து, வாயை இறுகக் குவித்துக்கொண்ட தொரு கூடு. அதன் உட்சுவரெங்கும் நூற்றுக்கணக்கான நுண்பூக்கள் உள்நோக்கி நிற்கும். அடிப்புறத்தே சிறிதொரு துளையுண்டு. அதுவும் செதில்களால் நெருங்க மூடப்பட்டிருக்கும். காற்றுப் புகாது, தேனீ புகாது, வண்டு புகாது. எள்ளினுஞ் சிறியதாகிய குளவியினத்துப் பெண்ணுயிர் ஒன்றே அவ்வழியே நெருக்கிப் புகவல்லது. புகுங்கால் தன் சிறகுகளை இழக்கும். உணர்கொம்புகளும் பெரும்பாலும் முறியும். மீண்டு பறத்தல் அதற்கில்லை. தான் பிறந்த காயினின்று கொணர்ந்த மகரந்தத்தை உள்ளிருக்கும் பெண்பூக்களில் தூவி, அவற்றுட் சிலவற்றில் முட்டையிட்டு, அவ்விருளிலேயே மாயும். முட்டை யேற்ற பூக்கள் புழுவுக்கு இல்லமாகும். ஏலாத பூக்கள் விதையாகும். சின்னாள் சென்றபின் ஆண்குளவிகள் முன்னர் வெளிப்படும். அவற்றுக்குச் சிறகில்லை, காணத்தக்க கண்ணும் இல்லையென்றே கூறலாம். இன்னும் வெளிப்படாத பெண்களோடு அவை கூடிச் சுவரைத் துளைத்து வழி செய்துவிட்டு மடியும். பெண்கள் அப்போது முதிர்ந்திருக்கும் ஆண்பூக்களின் தாதை யேந்தி, அவ்வழியே புறம்போந்து, ஓரிரு நாளே வாழும் வாழ்நாளுள் வேறொரு மரத்தின் பருவமெய்திய காயைத் தேடிச் செல்லும்.

மற்றொரு வியப்பும் உண்டு. ஆலுக்குரிய குளவி அரசுக்குத் துணையாகாது. அரசுக்குரியது அத்திக்கு ஆகாது. ஆலுக்குரியதனை யூப்பிரிசுத்தினா மேசோனி யென்றும், அத்திக்குரியதனைச் செராத்தோசோலன் பியூசிசெப்சு என்றும் அந்நூலார் பெயரிட்டுள்ளனர். இம்மரவினத்தில் உலகெங்கும் எழுநூற்றைம்பதின் மேற்பட்ட வகைகள் உள. பெரும்பாலும் ஒவ்வொன்றற்கும் தனித்தனிக் குளவி அல்லது ஒருசில குளவிகள் உரியன. இக்கூட்டுறவு ஆறுகோடி ஆண்டுகட்கு மேற்பட்ட பழைமை யுடையதென்று அவர் கணிப்பர். ஆகவே பிட்டபோது காணும் புழு பழத்திற்கு வந்த கேடன்று, அதுவின்றேல் விதையில்லை, விதையின்றேல் மரமில்லை. பழமொழி கண்டது உண்மை. அருவருத்தது மட்டும் அறியாமை.

இனி, நூற்பொருளுக்கு வருவாம். சாந்தோக்கிய உபநிடதத்து ஆறாம் பிரபாடகம் பன்னிரண்டாங் கண்டத்திலே, உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை நோக்கி ஆலம்பழம் ஒன்று கொணர்க வென்கின்றார். பிளக்கச் செய்கின்றார், அணுவொத்த விதைகள் காணப்படுகின்றன. விதையொன்றைப் பிளக்கச் செய்கின்றார். யாதுங் காணேன் என்கின்றான் மைந்தன். நீ காணாத அந்நுண்மையினின்றே இப்பேரால் நிற்கின்றது என்று தந்தை உபதேசிக்கின்றார். இங்கே சூனியவாதி, இன்மையினின்று உண்மை தோன்றிற்றென்று கொள்வான். ஏகான்மவாதி, பிரமமே உலகமாய் விரிந்ததென்று கொள்வான். சைவசித்தாந்தி இரண்டையும் உடன்படான். யாதுங் காணேன் என்றது காட்சிக்கு எட்டாமையைக் கூறிற்றே யன்றி இன்மையைக் கூறிற்றன்று. கோளியின் பூ காணப்படாமையால் இல்லதாயிற்றோ? ஆகவில்லை. அங்ஙனமே காரணத்துள் காரியம் நுண்மையாய் உளது. உள்ளதே தோன்றும் என்பது நமது சற்காரியவாதம். உலகிற்கு அந்நுண்மைநிலை மாயை.

அஃதாயின், மாயையொன்றே அமையும், இறைவன் எற்றுக்கு? வித்து தானே மரமாகின்றதன்றோ? எனின், கூறுதும். வித்து தானே மரமாதலை யாரும் கண்டிலர். மண்ணும் நீரும் வேண்டும். அதற்கு முன்னரே, வித்து வித்தாவதற்கே தாது கொணரும் துணை வேண்டும். குளவி புகாத காய் முதிராமலே உதிரக் காண்கின்றோம். முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்று கொண்டு, குடத்திற்கு மண்ணும் திரிகையும் குயவனும் போல, உலகிற்கு மாயையும் சத்தியும் சிவமும் எனக் கூறுவது நம் ஆசிரியர் மரபு. மரம் அறிவற்றது போல நிற்கின்றது. குளவியோ தான் செய்வது இன்னதென்றறியாது. ஒன்று பருவமெய்துங் காலமும் மற்றொன்று வந்தடையுங் காலமும் இயைகின்றன. அறியாதன இரண்டு தம்முள் இயைதற்கு அறிவுடையான் ஒருவன் வேண்டும் என்று வாதிக்கச் சித்தாந்திக்கு இடமுண்டு.

ஆயினும் இவ்விடத்து நம்மனோர் சிலர் செய்யும் விரைவு எமக்கு உடன்பாடன்று. இக்காலத்து இயற்கை நூலார், இவ்வியைபு பலகோடி ஆண்டுகளிற் சிறிது சிறிதாக நிகழ்ந்த தெரிவினால் வந்ததென்று காரணங் காட்டுவர். அவர் காட்டுங் காரணம் வலியுடையது. அதனை மறுத்தாலன்றி இறைவன் உண்மை நிலைபெறாது என்று எண்ணுவது சித்தாந்தத்தை உணர்ந்ததன் விளைவன்று. காலமும் நியதியும் நமக்குத் தத்துவங்கள். அவை மாயையின் காரியங்கள். அவற்றுள் நிகழும் ஒழுங்கு முழுவதும் அவற்றுள்ளேயே ஆராயத்தக்கது. இறைவன் கையால் குளவியைப் பிடித்துக் காயில் விடுவான் என்று எந்த ஆசிரியரும் கூறிற்றிலர். ஞாயிற்றின் சந்நிதியில் ஒரு தாமரை அலரவும், ஒன்று முகையாகவும், ஒன்று வாடவும், ஞாயிறு விகாரமின்றி நிற்பது போல என்றே கூறினர். இயற்கை நூலார் ஆராய்வது தாமரையின் அலர்ச்சியை; நாம் கூறுவது ஞாயிற்றை. இரண்டும் ஒன்றையொன்று மாற்றா.

"அது நீ ஆகின்றாய்" என்னும் அவ்வுபதேசத்தின் முடிவையும், ஆன்மா பிரமமே என்று கொள்ளாமல், சார்ந்ததன் தன்மையாய் விளங்குவது ஆன்மாவின் இயல்பாதலின் சிவத்தைச் சார்ந்து அதுவாய் நிற்கும் என்று கொள்வதே சித்தாந்த மரபு. இதற்குச் சுவேதாசுவதரம் நான்காம் அத்தியாயம் பெருந்துணையாம். இணைபிரியாத இரு பறவைகள் ஒரு மரத்தில் உறைகின்றன. ஒன்று இனிய பழத்தை யுண்கின்றது. மற்றொன்று உண்ணாது நோக்கியிருக்கின்றது என்பது அங்குக் கூறப்படும் உருவகம். இருக்கு வேத முதன் மண்டிலத்திலும் முண்டகத்திலும் இதுவே வரும். மூன்றிடத்தும் பழத்தைக் குறிக்கும் சொல் பிப்பலம் என்பது. அஃது அரசம்பழத்திற்கும் பெயர். உண்பது பசு, நோக்குவது பதி. இருவேறு பொருளெனக் கூறாமல் ஒன்றே எனக் கூறுவார்க்கு, உண்ணாத பறவையை என்செய்வது என்பது தீராத இடர்ப்பாடு.

அரசம்பழத்தைக் கூறியது வாளா கூறியதன்று என்பது எம் கருத்து. மா, பலா முதலியன ஆண்டிற்கொரு பருவத்துப் பழுத்து ஒழியும். ஆலினத்து மரங்களோ, ஒரு மரத்திற் பழுப்பன எல்லாம் பெரும்பாலும் ஒருங்கே பழுப்பினும், மரத்துக்கு மரம் காலம் வேறுபடும். ஆகவே காட்டில் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு கோளி பழுத்திருக்கும். வேறு பழமில்லாத வறுங்காலத்துப் பறவைக்கும் விலங்குக்கும் உயிர்நிலை இவையே. பச்சைப்புறா, குயில், நாகணவாய், கிளி, குக்குறுவான், மலைக்காடுகளில் இருவாய்ச்சி, இரவிற் பழந்தின்னி வௌவால், கிளையில் அணில், குரங்கு, கீழே உதிர்ந்ததற்கு மான், பன்றி என விருந்து முடிவின்றி நிகழும். போகம் இடையறாது கிடைக்கும் மரம் உலகிற்கு உவமையாதல் பொருந்தும். இடையறாமையே பசுவைக் கிளையினின்று பறக்கவொட்டாது செய்வது.

இம்மரத்தடியிலே, உண்ணாத பறவை குருவாய் எழுந்தருளிற்று. சங்ககாலத்தார் சிவபிரானை ஆலமர் செல்வன் என்றே வழங்கினர். ஆய் என்னும் வள்ளல் நாகம் நல்கிய ஆடையை ஆலமர்ந்த அவ்விறைவர்க்குக் கொடுத்த செய்தி சிறுபாணாற்றுப்படையில் உளது. சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்னும் நால்வர்க்குச் சின்முத்திரையால் உணர்த்தியது கல்லால நீழலில். அந்நால்வருள் ஒருவராகிய சனற்குமாரர் வழியே, சத்தியஞான தரிசினிகள், பரஞ்சோதி முனிவர் வாயிலாக மெய்கண்ட தேவரை எய்தியது நம் சந்தானம். திருக்கோயில் விமானத்துத் தென்புறக் கோட்டத்தில் இத்திருவுருவைக் காண்பார், திருவடிக்கீழ் முயலகனை நோக்கி யமைந்துவிடாது மேலும் சுற்றும் நோக்குக. பழைய சிற்பங்கள் சிலவற்றில் கிளைகளிடையே பாம்பும் பறவையும் செதுக்கப்பட்டிருக்கும். கச்சிக் கைலாசநாதர் கோயில் முதலிய பல்லவர் கோயில்களில் இறைவன் திருவடிப்பாங்கர் மானும் அரியும் உடனிருக்கும். சிற்பி ஆலைக் கண்டவன். ஆலைச் செதுக்குங்கால் அதன்கண் வாழ்வனவற்றையும் விடாது செதுக்கினான்.

வடமொழியில் ஆலுக்கு நியக்குரோதம் என்று பெயர். கீழ்நோக்கி வளர்வது என்பது பொருள். விழுதைக் கண்டு இட்ட பெயர் அது. கல்கத்தாவை யடுத்த சிவபூர்ப் பூங்காவில் உள்ள பேரால் 1864, 1867 ஆகிய ஆண்டுகளிற் புயலால் ஊறுபட்டுக் காளான் பற்றியது. அதன் அடிமரத்தை 1925 இல் வெட்டி அகற்றினர். அடிமரமில்லாத அம்மரம் பல்லாயிரம் விழுதுகளால் இன்றும் பரந்து தழைக்கின்றது. சென்னை அடையாற்றுப் பேராலும் 1989 இல் புயலில் அடிமரம் வீழ்ந்தும் விழுதுகளால் உய்ந்தது. முதற்குரவர் கட்புலனாகாராக, வழிவந்த குரவர் ஒவ்வொருவரும் அடிமரமே யாகி நிற்கும் சந்தானமரபிற்கு இதனை ஒருபுடை யுவமையாகக் கொள்ளலாம். முற்றுவமையாக இழுத்தல் வேண்டா. விழுதிற்கு மண் வேண்டும், அருளுக்கு அது வேண்டா.

தலங்களிற் சில கூறுதும். திருவெண்காட்டின் தலமரங்களுள் ஒன்று வடவால்; அதன்கீழ் உருத்திரபாதம் உளது. மெய்கண்டாரின் பெற்றோர் மகப்பேறு வேண்டி நோன்பிருந்தது இத்தலத்தே. பிள்ளைக்குச் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டதும் இத்தலம்பற்றியே. திருவாவடுதுறையில் தலமரம் அரசு. திருமூல நாயனார் அதனடியில் யோகத்தமர்ந்து திருமந்திரம் அருளினார் என்பது சேக்கிழார் வரலாறு. திருவரசிலி பெயராலேயே அரசுடையது. திருவன்பிலாலந்துறை, புள்ளமங்கை ஆலந்துறை, பழுவூர் ஆலந்துறை, ஆலம்பொழில் என்பன ஆலின் பெயர் பூண்டன. பழு என்பதும் ஆலே. ஆல் என வருவன எல்லாம் மரமென்று கொள்ளுதல் தவறு. மதுரைத் திருவாலவாய் பாம்பு வாயால் வாலைக் கவ்வி எல்லை காட்டிய வரலாற்றாற் பெற்ற பெயர். தென்முகக் கடவுளால் இன்று பெயர்பெற்ற ஆலங்குடிக்கும், ஆலம் என்னும் நஞ்சுபற்றியே பெயர் வந்ததென்பது தலவரலாறு. அதன் பாடல்பெற்ற பெயர் இரும்பூளை.

திருவாலங்காடு தனித்து நோக்கத்தக்கது. இறைவன் பெயர் வடாரணியேசுவரர். ஆலங்காட்டு இறைவர் என்பதே அது. ஆயின் காரைக்காலம்மையார் தம் மூத்த திருப்பதிகங்களில் எண்ணிக்காட்டும் மரஞ்செடிகள் எட்டி, இலவம், ஈகை, சூரை, காரை, கள்ளி, வாகை என்பன. உயிர்கள் கூகையும் ஆந்தையும் நரியும். தொண்டைநாட்டு வறண்ட முட்காட்டின் மரங்களே அவை. அம்மையார் கற்பனைக் காட்டைப் பாடினாரல்லர். கண்ட காட்டையே பாடினார் என்பதற்கு இப்பட்டியலினும் வலிய சான்று வேண்டா.

இனி, மேற்குறித்த ஐயத்திற்கு வருவாம். பழமுண்ட பறவை கோபுரத்தமர்ந்து எச்சமிடும். அதனகத்த விதை செங்கற் சந்திலும் சுதைப் பிளவிலும் முளைக்கும். பிறமரத்து மேலும் சுவர்மேலும் முளைத்து வேரைக் கீழே விடுதல் இவ்வினத்தின் இயல்பு. பறவை வயிற்றைக் கடந்த விதை நன்கு முளைக்கும். சிறுவேர் நூலிழைபோல் நுழையும், பின் பருத்துக் கல்லை நெகிழ்க்கும், பிளவில் மழைநீர் புகும், விமானம் சரியும். பணிசெய்வார் சிலர், ஆலும் அரசும் தெய்வ மரங்கள். இறைவன் கோயிலில் தாமே முளைத்தன. களைந்தாற் பாவம் என்று அஞ்சி விட்டுவிடுகின்றனர். வேறு சிலர், மரமே கோயிற்குப் பகை யென்று மதிற்புறத்து நூற்றாண்டு நின்ற ஆலையும் வெட்டுகின்றனர். இருவரும் இடமறியாதவரே.

கோபுரம் தூலலிங்கம். அதனைப் பழுதுறவிடுதல் திருமேனியைப் பழுதுறவிடுதல். திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரப்படை ஏந்தியது எதன்பொருட்டு? புல்லும் முளையும் களைதற்கே. புல்லுக்கும் உயிருண்டென்று அறியாதவரல்லர் அவர். சரியைத் தொண்டில் தலையாய அவர் செய்கையினும் மேலான பிரமாணம் நமக்கு வேண்டியதில்லை. பழுதுற்ற திருப்பணியைப் புதுக்கும் சீரணோத்தாரண விதியும் ஆகமங்களில் உளது. எனவே விமானத்து முளையைக் களைதல் பாவமன்று, களையாமையே குற்றம். ஆனால் அவ்விதி மதிற்புறத்து நிற்கும் மரத்தின்மேற் செல்லாது. அங்கு அது பல்லுயிர்க்கு இல்லம். அதனை வீழ்த்துவார்க்கு உழவாரத்தின் பெயரைச் சொல்ல உரிமையில்லை. சாலை யகலப்படுத்தும் பணியில் நெடுவழி ஆல்கள் பல வீழ்ந்துபோன இக்காலத்தில், கோயில் வளாகமேனும் அவற்றுக்குப் புகலாதல் வேண்டும். தலமரத்தின் அடியை வேர்க்கு நீர் செல்லாதபடி சிமிட்டியால் மூடுவதும் இன்று பல இடங்களிற் காணும் பிழை. வலம்வருவார்க்கு வழி வேண்டுமாயின் அடிமரத்தினின்று அகலவிட்டு, மழைநீர் இறங்க மண்ணைத் திறந்துவிட்டுக் கற்பாவுதல் தக்கது.

களையும் முறையிலும் அறிவு வேண்டும். இருமூன்று இலை விட்ட முளையைக் கையாலேயே வேரோடு வாங்கலாம். மழைக்காலம் முடிந்த உடனே ஆண்டுதோறும் மேலேறிப் பார்ப்பார்க்கு இதனின் மிக்க வேலையில்லை. பருத்தபின் தண்டை மட்டும் வெட்டினால் பயனில்லை. வேரினின்று மீளத் தழைக்கும். வலிந்து இழுத்தாலோ வேர் பற்றிய கல்லும் சுதையும் உடன் பெயர்ந்து வீழும். அங்ஙனம் பருத்தவற்றைப் பழங்கட்டடத் திருப்பணியில் பயின்ற தபதிகளையும் பொறிவல்லாரையும் கொண்டு, வேரைக் கொன்றபின் கற்களை முறையே எடுத்து அடுக்கியே நீக்குதல் வேண்டும். வாங்கிய இளமுளைகளை எறிய வேண்டா. ஈரமண்ணிற் பொதிந்து வைத்தால் அவை எளிதிற் பிழைக்கும். குளக்கரையிலும், கட்டடத்தினின்று நெடுந்தொலைவில் நந்தவன எல்லையிலும் நட்டு, முதலிரு கோடையும் நீர்விட்டு வேலி கட்டிவிடின், ஆடுமாடு தின்னாது தலையெடுக்கும்.